கௌரவத்தின் எடை

அறுபதை நெருங்கும் அனுபவசாலிகள் சாகசப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிள் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை கிலோ?

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளின் எடை ஓட்டுபவருக்குத் தெரியாது. 150 கிலோ வண்டியானாலும் 250 கிலோ வண்டியானாலும் வேகம் பிடித்துவிட்டால் தானே நிமிர்ந்து ஓடும். இடுப்பைச் சற்று அசைத்தால் வளையும். எடை தெரிய வருவது வண்டி நிற்கும்போதுதான். பெட்ரோல் பங்க்கில் சிந்திக் கிடக்கும் டீசலில் கால் வழுக்கும்போது தெரியும். சரிவில் நிறுத்திய வண்டியைப் பின்னால் இழுக்கும்போது தெரியும். குறுகலான மலைப்பாதையில் வண்டியைத் திருப்பும்போது பாதி வட்டத்தில் எஞ்சின் அணைந்துபோனால் நன்றாகவே தெரியும். முப்பது வயதில் இத்தகைய கணங்களைத் தொடையும் தோளும் சமாளித்துவிடும். அறுபதில் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

இந்தக் கணக்கு இன்று பலருக்குத் தேவைப்படுகிறது. 1980களில் யெஸ்டி, புல்லட், யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஓட்டிப் பழகிய தலைமுறை ஓய்வுபெறும் வயதை எட்டியிருக்கிறது. வங்கியிலோ ரயில்வேயிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ 35 வருடம் உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றி, வீட்டுக் கடனை அடைத்த பிறகு முதல்முறையாகக் கையில் உபரிப் பணம் இருக்கிறது. மனதில் லடாக் இருக்கிறது, ஸ்பிதி இருக்கிறது, அருணாசலப் பிரதேசத்தின் தவாங் இருக்கிறது. அன்று ஆசை இருந்தது, பணம் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன, முழங்கால்தான் ஒத்துழைக்க மறுக்கிறது. வாங்கும் சக்தி வந்து சேர்ந்த நேரத்தில் தூக்கும் சக்தி விடைபெறத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

இவர்கள் ஷோரூமுக்குள் நுழைந்ததும் கண் போவது பெரிய வண்டியின் மேல். அதில் தவறில்லை. அட்வென்ச்சர் மோட்டார் சைக்கிள் என்ற வகையையே பிரபலப்படுத்தியது ஒரு பெரிய வண்டிதான். 1980-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் கரடுமுரடான நிலத்தையும் சாலையையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். அடுத்த ஆண்டே அதன் பந்தய வடிவம் பாரிஸ்-டாக்கர் பந்தயத்தில் வென்றது. உலகம் சுற்றப் புறப்பட்டவர்கள் அந்தக் குடும்பத்து வண்டிகளைத் தேடி வாங்கினார்கள்.

ஆனால் அந்த முதல் வண்டி எரிபொருளுடன் சேர்த்து 186 கிலோதான். அதன் வாரிசுகள் தலைமுறைக்குத் தலைமுறை சதை போட்டன. ஆர் 1250 ஜி.எஸ். வந்தபோது எடை 249 கிலோ. 30 லிட்டர் டேங்க் கொண்ட அதன் அட்வென்ச்சர் வடிவம் 268 கிலோ. 2024-ல் இந்தியாவுக்கு வந்த ஆர் 1300 ஜி.எஸ்.ஸில் நிறுவனமே எடையைக் குறைத்து 237 கிலோவுக்குக் கொண்டுவந்தது. இப்படியே போகக் கூடாது என்பது வண்டியை வடிவமைத்தவர்களுக்கே உறைத்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் கதை வேறு விதமாகப் போனது. 2011-ல் ஹீரோ நிறுவனம் 134 கிலோ எடையில் இம்பல்ஸ் என்ற 150 சி.சி. வண்டியை விற்றுப் பார்த்தது. அது எடுபடவில்லை. 2016-ல் ராயல் என்ஃபீல்டின் 411 சி.சி. ஹிமாலயன் வந்த பிறகுதான் இந்த வகைக்கு இங்கே சந்தை உருவானது. 2019-ல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020-ல் கே.டி.எம். 390 அட்வென்ச்சர், 2022-ல் சுஸூகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்., 2023-ல் ஹிமாலயன் 450, 2025-ல் எக்ஸ்பல்ஸ் 210 என்று வரிசை நீண்டது. ஆக, அறுபது வயது அனுபவசாலிக்குப் பெரிய வண்டியை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை இன்று இல்லை. தேர்ந்தெடுக்க மனம் வர வேண்டும், அவ்வளவுதான்.

எடைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எக்ஸ்பல்ஸ் 210 - 168 கிலோ. வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். - 167 கிலோ. ஹிமாலயன் 450 - 196 கிலோ. ஆர் 1250 ஜி.எஸ்.ஸுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் இடையே 81 கிலோ வித்தியாசம். வண்டியைத் தள்ளும்போதும் திருப்பும்போதும் இறங்க மறுக்கும் ஓர் ஆள் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் இது.

பள்ளிக்கூட பௌதிகம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லும். வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், ஓட்டுபவர் 1 மீட்டர் உயரத்தில் ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். நிற்கும் வண்டி 10 டிகிரி சாய்ந்தால் 250 கிலோ வண்டியைத் தாங்கிப் பிடிக்க ஏறக்குறைய 26 கிலோ அளவுக்கு விசை வேண்டும். 168 கிலோ வண்டிக்கு 17 அல்லது 18 கிலோ போதும். 20 டிகிரி சாய்ந்துவிட்டால் இது முறையே 51 கிலோவாகவும் 34 கிலோவாகவும் உயர்கிறது. 51 கிலோ என்பது ஒரு சிமெண்ட் மூட்டை. அதை ஒற்றைக் காலை ஊன்றியபடி, பக்கவாட்டில், அரை நொடி அவகாசத்தில் பிடிக்க வேண்டும். பெட்டிகளில் சாமான்கள் உயரமாக ஏற்றப்பட்டிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

உடல் இந்தக் கணக்கின் மறுபக்கம். முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் மனிதனின் தசை அளவு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்பதும், அறுபதுக்குப் பிறகு இந்தத் தேய்மானம் துரிதமாகிறது என்பதும் மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது வேகமாக நிகழ்கிறது. இருபத்தைந்து வயதில் நின்ற இடத்தில் வண்டியோடு சாய்ந்தவர் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். அதே சாய்வு அறுபத்திரண்டு வயதில் இடுப்பு எலும்பு முறிவில் முடியலாம். அத்தோடு மோட்டார் சைக்கிள் வாழ்க்கையும் முடியலாம்.

இங்கேதான் அனுபவம் ஏமாற்றுகிறது. நாற்பது வருட அனுபவம் சாதாரண விஷயமல்ல. எதிரே வரும் லாரி எப்போது வலப்பக்கம் ஏறும், மாடு எப்போது குறுக்கே பாயும், மழைக்குப் பின் எந்த வளைவு வழுக்கும் என்பதெல்லாம் அனுபவசாலிக்கு முன்கூட்டியே தெரியும். ஓடும் வண்டியில் கண்ணும் கையும் மந்தமாவதை இந்த முன்னறிவு பெருமளவு ஈடுகட்டிவிடும். ஆனால் சாய்ந்துகொண்டிருக்கும் வண்டியை அனுபவத்தால் தாங்கிப் பிடிக்க முடியாது. அதற்குத் தொடைதான் வேண்டும்.

மலை ஏறினால் சிக்கல் இரட்டிப்பாகிறது. 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான். எஞ்சினுக்கும் மூச்சுத் திணறும், மனிதனுக்கும் திணறும். எரிபொருளை மின்னணு முறையில் அளந்து செலுத்தும் இன்றைய எஞ்சின்கள் பழைய கார்புரேட்டர் வண்டிகளைப் போலத் திக்குவதில்லை. ஆனால் இல்லாத ஆக்ஸிஜனை அவற்றாலும் உருவாக்க முடியாது. சமவெளியில் 24 குதிரைத் திறன் தரும் எக்ஸ்பல்ஸ் 210 அங்கே ஏறக்குறைய பாதியைத்தான் தரும். 40 குதிரைத் திறன் கொண்ட ஹிமாலயன் 450 பாதியை இழந்த பிறகும் 20 கையில் மிஞ்சும். பெரிய எஞ்சினுக்காக வாதாடுபவர்களின் வலுவான வாதம் இது. அதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் அந்த உயரத்தில் எஞ்சினுக்கு வந்த கதிதான் ஓட்டுபவருக்கும். மணாலியிலிருந்து ஸ்பிதிக்குச் செல்லும் வழியில் கிராம்பூவைத் தாண்டிய பகுதி கற்களுக்கும் ஓடைகளுக்கும் பெயர் பெற்றது. பனி உருகுவதால் பிற்பகலில் ஓடைகளில் நீர் கூடும். ஏறக்குறைய 15,000 அடி உயரத்தில் குன்சும் கணவாய். இப்படிப்பட்ட பாதையில் வேகம் மணிக்கு 20, 25 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. உருண்டைக் கல்லில் முன்சக்கரம் நழுவி வண்டி படுத்துவிட்டால் குதிரைத் திறன் உதவாது. தரையில் கிடக்கும் வண்டியைத் தூக்கும்போது முழு எடையும் கைக்கு வருவதில்லை, ஒரு பகுதியைச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். அப்படியும் 250 கிலோ வண்டியில் தொடக்கத்தில் 100 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டியிருக்கும். ஒரு முறை தூக்கிவிடலாம். ஒரே நாளில் மூன்றாவது முறை, அரைக் காற்றில், உதவிக்கு ஆள் இல்லாத இடத்தில் என்றால்?

பெரிய வண்டியின் சௌகரியங்களைப் பட்டியலிடுவது எளிது. நெடுஞ்சாலையில் பக்கக் காற்றுக்கும், கடந்து போகும் பஸ்ஸின் வீச்சுக்கும் அது அசைவதில்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் அதிர்வு குறைவு. மனைவியும் இரண்டு பெட்டிகளும் ஏறிய பிறகும் மேட்டில் முனகுவதில்லை. உண்மைதான். இருந்தாலும் இந்தியச் சாலைகளில் அந்த பலத்தைச் செலவழிக்க இடம் எங்கே? 2018-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி நடுத்தடுப்புள்ள நான்குவழிச் சாலையிலும் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 80 கிலோமீட்டர், நகராட்சி எல்லைக்குள் 60. மும்பை-புனே விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் பெங்களூர்-மைசூர் நெடுஞ்சாலையின் பிரதானப் பாதையிலும் இருசக்கர வாகனங்கள் தடைசெய்யப்பட்டன. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 200, 250 சி.சி. எஞ்சின் போதும்.

மனைவியும் எப்போதும் உடன் வருவார் என்றால் மட்டும் கணக்கு மாறும். இருவரின் எடையும் சாமான்களும் சேர்ந்து 150 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையோடு மலையேற 200 சி.சி. எஞ்சின் திணறும், லாரியை முந்தவும் பலம் மிஞ்சாது. அத்தகையவர்களுக்கு 180 முதல் 200 கிலோ வரையிலான நடுத்தர வண்டி பொருத்தம். புல்லட் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த எடை புதிதல்ல. 2023-ல் வந்த புல்லட் 350 கூட 195 கிலோதான். ஆனால் புல்லட்டின் கனம் தாழ்வாக இருக்கும். அட்வென்ச்சர் வண்டியின் கனம் உயரத்தில் இருக்கும். அதே 195 கிலோ இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எடை குறைந்த வண்டி எல்லாமே சுலபமானது என்று நினைத்துவிடவும் கூடாது. சீட் உயரம் என்று இன்னொரு வில்லன் உண்டு. சராசரி இந்திய ஆணின் உயரம் ஏறக்குறைய 5 அடி 5 அங்குலம். எக்ஸ்பல்ஸ் 210-ன் சீட் 830 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, வி-ஸ்ட்ராமில் 835. ஹிமாலயன் 450-ல் 825 மி.மீ. சீட்டை 845 வரை உயர்த்தலாம், தனியாக விற்கும் தாழ்வான சீட்டைப் போட்டால் 805-க்கு இறக்கலாம். கவாஸாகியின் கே.எல்.எக்ஸ். 230, 139 கிலோதான். ஆனால் அறிமுகமானபோது அதன் சீட் உயரம் 880 மி.மீ. இறகு போன்ற வண்டியானாலும் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனி மட்டுமே தரையைத் தொடுமானால் பள்ளத்தில் கால் வைத்ததும் சாய்ந்துவிடும். ஒரு பாதமாவது முழுதாகத் தரையில் பதிய வேண்டும். சீட் தைப்பவரிடம் கொடுத்து ஸ்பாஞ்சைக் கொஞ்சம் குறைக்கலாம். சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் குறுக்குவழியில் இறங்கினால் வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்கும்.

லேசான வண்டியை வாங்கிய கையோடு அதைக் கனமாக்கும் வேலையும் தொடங்கிவிடுகிறது. இரும்பு கிராஷ் கார்டு, பின்னால் இரும்புச் சட்டம், அதன் மேல் அலுமினியப் பெட்டிகள், கூடுதல் விளக்குகள், ஜெர்ரி கேன் என்று மாட்டிக்கொண்டே போனால் சேமித்த கிலோக்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும். எஞ்சினைக் காக்கும் கார்டு அவசியம். மற்றவற்றுக்குத் துணிப்பைகளே போதும். எடை குறைவு என்பதோடு, வண்டி சாயும்போது காலுக்கு மேல் விழுவது உலோகப் பெட்டியாக இல்லாமல் துணிப்பையாக இருப்பது நல்லது. பெட்ரோலும் எடைதான். ஒரு லிட்டர் முக்கால் கிலோ. 30 லிட்டர் டேங்க் நிரம்பினால் 22 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில்.

வாங்கும் முன் ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது. ஓடும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய சோதனைகள் வேறு. வண்டியின் இடப்பக்கம் நின்று பத்தடி பின்னால் தள்ள முடிகிறதா? சென்டர் ஸ்டாண்டு இருந்தால் மூச்சு வாங்காமல் போட முடிகிறதா? பின்சீட்டில் பை கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட இடுப்பு இடம் கொடுக்கிறதா? ஃபுட்ரெஸ்ட்டில் ஐந்து நிமிடம் எழுந்து நிற்க முழங்கால் சம்மதிக்கிறதா? நூறு முறை பிடித்தாலும் விரல் மூட்டு வலிக்காத அளவுக்குக் கிளட்ச் மென்மையாக இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சம்மதத்துடன், மண் தரையில், உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, வண்டியை மெதுவாகப் படுக்க வைத்துவிட்டுத் தூக்கிப் பார்ப்பது. குனிந்து இழுக்கக் கூடாது. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்சட்டத்தையும் பிடித்து, முதுகை நிமிர்த்தி, கால்களால் பின்னோக்கி நடந்தே எழுப்ப வேண்டும். வண்டி எழாவிட்டால், அல்லது எழுந்த பிறகு பத்து நிமிடம் உட்கார வேண்டியிருந்தால், அந்த வண்டி அவருக்கானதல்ல. முதுகுத் தொல்லையோ இதய நோயோ உள்ளவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க வேண்டியிருப்பதே ஒரு பதில்தான்.

பணக் கணக்கும் சிறிய வண்டியின் பக்கமே சாய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் உட்பட 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது. ஸ்பிதியிலோ சிக்கிமிலோ வண்டி நின்றுவிட்டால் 200 சி.சி. வண்டியைத் தெரிந்த மெக்கானிக் கிடைக்க வாய்ப்பு அதிகம். இறக்குமதி வண்டிக்கு லாரிதான் தேட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தடையாக நிற்பது கௌரவம். புல்லட்டில் கல்லூரிக்குப் போனவருக்கு, வேலையில் உயர்ந்து ஓய்வு பெற்ற பிறகு 200 சி.சி. வண்டியில் ஏறுவது இறங்குமுகமாகத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதே வண்டியில் ட்யூஷனுக்குப் போகிறான். பயணக் குழுவில் மற்றவர்களின் வண்டிகள் யானைகளைப் போல நிற்கும்போது நடுவே ஆட்டுக்குட்டியோடு நிற்கச் சங்கடம். ஆனால் இந்தச் சங்கடத்தின் விலை சில சமயம் மிக அதிகம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். லேசான வண்டி இந்த ஆபத்தை நீக்கிவிடாது. ஏ.பி.எஸ். பிரேக், தரமான ஹெல்மெட், முழங்கால் காப்பு, இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்ற வைராக்கியம் எல்லாம் எந்த எடைக்கும் பொதுவானவை. ஓட்டுபவரின் பலத்துக்குள் அடங்கும் வண்டி, அவரது கவனத்தைச் சாலைக்கு விட்டுவைக்கும் என்பதே அதன் லாபம். எங்கே நிறுத்துவது, எப்படித் திருப்புவது என்று பத்து கிலோமீட்டருக்கு முன்பே கவலைப்படத் தொடங்கியவர் மலையைப் பார்ப்பதில்லை.

வயதைக் காரணம் காட்டி மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 55 வயதைத் தாண்டியவரின் லைசென்ஸ் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அவ்வளவே. வண்டி வாங்கும்போதும் இந்த ஐந்தாண்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அறுபதில் 250 கிலோ வண்டி வாங்கியவர், கேரேஜிலிருந்து அதை வெளியே எடுக்கவே யோசித்து யோசித்து, அறுபத்து மூன்றில் விளம்பரம் கொடுத்து விற்கிறார். மீட்டரில் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். 168 கிலோ வண்டி வாங்கியவர், காலையில் தோன்றினால் அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அறுபத்தைந்தில் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வரும்போதும் அவர் அந்த வண்டியில்தான் வருவார்.